பதினோரு பேர் தின்ற கீரிச் சேவல்

உலைக்குடியில பதினோரு ஆம்பளைங்க ஒரே சேவலைத் தின்னதையும், மறுநாள் விடியக்காலம் அந்தச் சேவல் அவனுக உடம்புக்குள்ள இருந்து கூவுனதையும் ஆளாளுக்கு ஒரு மாதிரி சொல்லிக்கிட்டுத் திரியிறாக. பஸ்ஸுல கேட்டேன், ரேசன் கடை வரிசையில கேட்டேன், வெளியூர்க்காரி ஒருத்தி என் பக்கத்துல உக்காந்து எனக்கே சொன்னா, நானும் ம் கொட்டிக் கேட்டுக்கிட்டேன். ஆனா சேவலை அறுத்தவ நான், துண்டு போட்டவ நான், குச்சியில குத்தி நெருப்புல வாட்டி அவனுக கையில கொடுத்தவ நான், அதனால நான் சொல்றதுதான் கதை. எம் பேரு இருளாயி. சீமைக் கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போடுறது எங்க பொழப்பு. கோவத்தை அடக்கிக்கிட்டுப் பேசுறதுக்கு எனக்கு வராது, அதை முன்னாடியே சொல்லிப்புடுறேன்.

எம் புருசன் பேரு காத்தமுத்து. கட்டுனவன் பேரை வாயால சொல்லக் கூடாதுன்னுதான் என்னையும் வளத்தாக, நானும் பதினாறு வருசம் சொல்லாமத்தான் குடும்பம் நடத்துனேன். அவுக செத்ததுக்கு அப்புறம் ஊருல ஒருத்தரும் அந்தப் பேரைச் சொல்லல. சேவக் களவாணின்னு மட்டுந்தான் சொன்னாக, களவாணி பொண்டாட்டின்னு என்னைச் சொன்னாக. அதனால அந்தப் பேரை நான் சொல்ல வேண்டியதாப் போச்சு. காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, அடுப்புக்கு முன்னால நின்னு சொல்லுவேன்.

அவுக முட்டையில இருந்து வளத்த சேவல் ஒண்ணு இருந்துச்சு, கீரிப்புள்ள நெறம், கழுத்து மட்டும் தீக்கங்கு. அது மூணு தடவை கூவும். மூணாவது தடவை பாதியில நிறுத்தி, எதையோ யோசிச்சுட்டு, மிச்சத்தையும் கூவி முடிக்கும். உலைக்குடியில சின்னஞ்சிறுசு வரைக்கும் அந்தக் கூவலைத் தெரியும். ஒரு தைமாசம் கண்மாய்க்குள்ள நடந்த சேவக்கட்டுல அது ஒரே பாய்ச்சல்ல வெள்ளைக்கண்ணு சேவலைச் சாச்சுப்புடுச்சு. வெள்ளைக்கண்ணுங்கிறவன் ஊருக்குப் பெரிய மனுசன், செல்லியாத்தா கோயில் பதினோரு கரைக்காரங்கள்ல முதல் கரை. கரைன்னா கோயில்ல ஒரு பங்கு, ஒரு மரியாதை. ஆத்தாளுக்கு நேர்ந்துவிட்ட சேவலைத் திருவிழா அன்னைக்கு அறுத்தா, துடிக்கிற நெஞ்சுக்குலை முதல் கரைக்கு, கழுத்து பூசாரி கரைக்கு, ரெக்கை இன்ன கரைக்கு, காலு இன்ன கரைக்குன்னு தலைமுறை தலைமுறையா பங்கு உண்டு. வலது ரெக்கையா இடது ரெக்கையான்னு ரெண்டு கரைக்காரனுக அஞ்சு வருசம் பேசாம இருந்த ஊரு அது.

நேர்ந்த சேவல் கால்ல மஞ்சத்துண்டு வச்சு ஒரு கயிறு கட்டி விட்டுருவாக. அது எந்த வீட்டுலயும் மேயலாம், யாரும் அடிக்கக் கூடாது, அடைக்கக் கூடாது. அடைச்சு வச்சவனைப் பனைமரத்துல கட்டி, பதினோரு கரையும் ஆளுக்கொரு கை வைக்கணும்கிறது ஊர்ச் சட்டம். வெள்ளைக்கண்ணு ஒரு மத்தியானம் எங்க கொட்டகைக்கு வந்து அந்தச் சேவலைக் கேட்டான், அவுக தரமாட்டேன்னாக. ரெண்டாம் நாளு கூடையைத் திறந்தா, சேவல் கால்ல மஞ்சக்கயிறு கட்டிக் கிடக்கு. நான் அதைப் பாத்து வாயைத் திறக்குறதுக்குள்ள பதினோரு பேரும் வாசல்ல நிக்கிறானுக.

நான் கரிமூட்டத்துக்கு அந்தப் பக்கம் மண்ணுல விழுந்து கிடந்தேன், என்னை ரெண்டு பேரு மிதிச்சுக்கிட்டு நின்னானுக. பொழுது உச்சிக்கு வர்றதுக்குள்ள பனையில கட்டியிருந்த அவுக தலை சாஞ்சுருச்சு. பனையில ஏறி விழுந்துட்டான்னு பதினோரு பேரும் ஒரே மாதிரி போலீசுல சொன்னானுக. பனையேறவே தெரியாது அந்த மனுசனுக்கு. நான் கத்துனேன், போலீசு வாசல்ல அதிகாரி காலைப் பிடிச்சேன், பொம்பளைக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சுன்னு வெள்ளைக்கண்ணு சொன்னதுதான் எடுபட்டுச்சு. கொள்ளி வச்ச கையோட, அன்னைக்குக் காட்டுக்குள்ள தப்பி ஓடி ராத்திரி கொட்டகைக்குத் திரும்பி வந்த சேவலைச் சாக்குப்பைக்குள்ள வச்சுக்கிட்டு, கரி ஏத்துன லாரியில ஊரை விட்டுக் கிளம்புனேன். அவனுக சேவலைத் தேடுதேடுன்னு தேடியிருக்கானுக.

லாரி போய் நின்ன இடம் மெட்ராசுக்கு மேக்கால, காரு கம்பெனிக வரிசையா இருக்கிற பக்கம். அங்க வேலை பாக்குற ஜப்பான்காரங்களுக்குன்னு நோரிகோன்னு ஒருத்தி கோழி வாட்டுற கடை வச்சிருந்தா. எனக்கு அஞ்சு வயசு எளையவ, முன்கோவி, அவளுக்குத் தெரிஞ்ச தமிழ் ஒரு நாப்பது வார்த்தை இருக்கும், அதுல பாதி ஏச்சு. கரி மூட்டையைப் பிரிச்சு ரெண்டு துண்டை எடுத்து ஒண்ணோட ஒண்ணு தட்டிக் காதுல வச்சுக் கேட்டா. வெண்கலம் மாதிரி கணீர்னா நல்ல கரி, மந்தமா இருந்தா அரைவேக்காடு. நாங்களும் அப்படித்தான் பாக்குறது. நான் அவ கையில இருந்ததை வாங்கிக் கீழ போட்டுட்டு அடிமூட்டையில இருந்து வேற ரெண்டு துண்டை எடுத்துத் தட்டிக் காட்டுனேன். என்னைக் கூட்டிட்டுப் போய் உள்ள உக்கார வச்சுச் சோறு போட்டா.

அங்க எட்டு வருசம் இருந்தேன். கோழியை நம்ம வெட்டுறது ஒரு வெட்டா, கத்தி போற பக்கம் துண்டு. அவ வெட்டுறது எலும்பும் சதையும் சேருற இடத்தைக் கையால தடவித் தடவிப் பாத்து, நோகாம, பிரிச்சு எடுக்குறது. ஒரு கோழியில முப்பது சாமான் எடுப்பா. தொடை தனி, தொடைக்கு உள்சதை தனி, கழுத்துச்சதை, தோல், ஈரல், நெஞ்சுக்குலை, கல்லு அரைக்கிற இரைப்பை, முட்டிக் குருத்தெலும்பு, நம்ம வீசி எறியிற வால்முனை, அம்புட்டையும் மூங்கில் குச்சியில குத்தி, ஒண்ணுக்கு உப்பு, இன்னொண்ணுக்கு வருசக்கணக்கா வத்தாம ஊத்தி ஊத்தி வச்சிருக்கிற கறுப்புச் சாறு, விசிறிக்கிட்டே வாட்டுவா. எலும்பைக் கொதிக்க வச்சுத் தெளிவு எடுத்துடுவா. எறியிறதுக்குன்னு ஒண்ணும் மிஞ்சாது. எறிஞ்சா அந்தக் கோழியை அவமானப்படுத்துறதாம்.

முதல் நாளு எனக்கு வால்முனையைத்தான் வாட்டிக் கொடுத்தா. நான் மூஞ்சியைச் சுளிச்சேன். தின்னுன்னு ஏசுனா. வாயில போட்டதும் மேல மொறுமொறுன்னு உடைஞ்சு உள்ள இருந்து நெய் மாதிரி இறங்குச்சு, என் ஊருக் கரிப்புகை நாக்குல ஒட்டிக்கிட்டு நின்னுச்சு. நான் அழுதேன், ருசிக்கு இல்ல, அவுக இதைத் தின்னாம போயிட்டாகளேன்னு. ஆபீசுல இருந்து வர்ற ஜப்பான்காரங்க கழுத்துப்பட்டையைத் தளத்திவிட்டுட்டு, பேசாம, ஒரு குச்சி முடிஞ்சதும் அடுத்த குச்சின்னு கண்ணை மூடித் தின்னுறதைப் பாக்கப் பாக்க, இவுக சாப்புடுறாகளா சாமி கும்பிடுறாகளான்னு எனக்குத் தோணும்.

நெஞ்சுக்குலைக் குச்சி ஒண்ணு போட அஞ்சு கோழி வேணும். அதனால ஒரு கோழியோட நெஞ்சுக்குலை ஒருத்தருக்கும் ஈரல் வேறொருத்தருக்கும் கழுத்து மறுநாளு வர்ற இன்னொருத்தருக்கும் போய்ச் சேரும். ஒரே கோழியை ஒரே மேசையில முழுசா கொடுத்தா என்னன்னு ஒரு நாளு கேட்டேன். நோரிகோ கத்தியைக் கீழ வச்சுட்டா. "ஒண்ணு கோழி, ஒண்ணு மேசை, முழுசு, மிச்சம் இல்ல, அப்படி கூடாது"ன்னா. ஏன்னு கேட்டேன். "கோழிக்கு அது செத்தது தெரியாது"ன்னா. அதுக்கு மேல ஒண்ணும் சொல்லல. நெசமா, கரிக்காரிக்குப் பயம் காட்டச் சொன்னாளா, எனக்குத் தெரியாது. நான் கொல்லைப்பக்கம் போய்க் கீரிச் சேவலைப் பாத்துக்கிட்டே வெகுநேரம் உக்காந்திருந்தேன்.

ஒம்பது வயசுச் சேவலோட நான் உலைக்குடிக்குத் திரும்புனப்ப, ஊரை ஒட்டிப் பெரிய ரோடு வந்திருந்துச்சு. ரோட்டோரம் தகரம் போட்டு, ஆள் நீளத்துக்கு ஒரு அடுப்புக் கட்டி, குச்சிக்கோழிக் கடைன்னு எழுதி வச்சேன். ஊருல எந்த அடுப்பு புதுசா எரிஞ்சாலும் முதல் வாய் கரைக்காரங்களுக்குத்தான். அந்த வழக்கம் எனக்குத் தெரியும், அவனுக வருவானுகன்னும் தெரியும். வந்தானுக. எட்டு வருசத்துல தொப்பை விழுந்து, முடி நரைச்சு, ஒண்ணுமே நடக்காத மாதிரி பதினோரு பேரும் பெஞ்சில வரிசையா உக்காந்தானுக.

"என்ன இருளாயி, ஜப்பான் கோழியா?"ன்னான் வெள்ளைக்கண்ணு.

"கோழி நம்மூருதான் மாமா. வெட்டு மட்டுந்தான் ஜப்பான்."

"பழசையெல்லாம் மனசுல வச்சுக்காம வந்து கடை போட்ட பாரு, அதுதான் புத்தி."

"மனசுல என்ன மாமா இருக்கு. சாப்புடுங்க"ன்னேன். பல்லைக் கடிச்சதுல தாடை ரெண்டு நாளு வலிச்சுச்சு.

அன்னைக்குக் கருக்கல்லயே சேவலை அறுத்துட்டேன். மடியில வச்சுக் கழுத்தைத் தடவி, அவுக பேரை அது காதுல சொல்லி, உன்னால முடிஞ்சதைச் செய்யின்னு சொல்லித்தான் அறுத்தேன். ஒம்பது வயசுச் சேவக்கறி செருப்புத்தோலு, அதனால பப்பாளிக்காயை அரைச்சுத் தடவி ஊற வச்சேன். ரத்தத்தை வெங்காயம் போட்டுப் பொரிச்சேன். குடலை அலசிச் சுருட்டிக் குச்சியில கோத்தேன். எலும்பைக் கொதிக்க வச்சுப் பதினோரு டம்ளர்ல ஊத்துனேன், வெந்த எலும்பை இடிச்சு அதுலயே கரைச்சேன். இறகை அடுப்புத் தணல்ல கருக்கி, அந்தச் சாம்பலை உப்போட கலந்து தூவுனேன். கொண்டையைக் கூட விடல. யாருக்கு எதுன்னு நான் பிரிக்கவே இல்ல, பதினோரு குச்சியையும் ஒரே தாம்பாளத்துல வச்சு நடுவுல வச்சேன், அம்புட்டுத்தான். அவனுகளே திருவிழாப் பங்குப்படி எடுத்துக்கிட்டானுக. என் கரைக்குத்தான் ரெக்கைன்னு ஒருத்தன், வலது எனக்குன்னு இன்னொருத்தன். நெஞ்சுக்குலை வெள்ளைக்கண்ணு கைக்குப் போச்சு, கழுத்து பூசாரி சோணைமுத்து கைக்குப் போச்சு, இரைப்பை மாயழகுங்கிற கடைசிக் கரைக்காரனுக்குப் போச்சு. நக்கி நக்கித் தின்னானுக. குச்சியில பொட்டு மிச்சமில்ல.

மறுநாள் விடிஞ்சும் விடியாம சோணைமுத்து பூசாரி வீட்டுல இருந்து கூவல் கேட்டுச்சு. ஒண்ணு, ரெண்டு, மூணாவது பாதியில நின்னு, யோசிச்சு, மிச்சமும். ஊரே பாயில எந்திரிச்சு உக்காந்துச்சு. ரெக்கை தின்ன ரெண்டு பேரும் ஆளுக்கொரு கூரை மேல நின்னானுக, எப்படி ஏறுனோம்னு அவனுகளுக்கே தெரியல. காலு தின்னவனுக தெருவுல மண்ணைப் பின்னுக்குத் தள்ளித் தள்ளிச் சீச்சுக்கிட்டு இருந்தானுக. மாயழகு வாசல்ல கொட்டியிருந்த சரளைக்கல்லை ஒவ்வொண்ணா பொறுக்கி முழுங்குனான். கொண்டை தின்னவனுக்கு நெத்தி செவந்து தலை குனிய மாட்டேங்குது. வெள்ளைக்கண்ணுக்கு நெஞ்சு படபடபடன்னு சேவல் நெஞ்சாட்டம் அடிக்குது, வானத்துல ஒரு பருந்து நிழல் போனாப் போதும், ஊர்ப் பெரிய மனுசன் கட்டிலுக்கு அடியில போய்ப் பதுங்குறான். கொஞ்சம் கொஞ்சமா நகந்து, பதினோரு பேரும் தெரு நடுவுல வந்து சேந்தாத்தான் அவனுகளுக்கு மூச்சு சீராச்சு. முன்னால பூசாரி, ரெண்டு பக்கமும் ரெக்கைக்காரனுக, நடுவுல வெள்ளைக்கண்ணு, பின்னால வால்முனை தின்னவன். மேல இருந்து பாத்தா சேவல்தான்.

இதுக்கு ஊரு என்ன செஞ்சுச்சுன்னு நினைக்கிறீக. பயந்து ஓடும், காறித் துப்பும், களவாணின்னு சொல்லி அடிச்சுக் கொன்ன மனுசனோட சேவல் திரும்பி வந்திருக்குடான்னு நியாயம் கேக்கும்னுதான் நான் நினைச்சேன். ரெண்டு நாளு வாயில ஈ போறது தெரியாம நின்னாக. மூணாம் நாளு, பூசாரி கூவுனதும் பொம்பளைக எந்திரிச்சு வாசத்தெளிச்சாக. ஒரு வாரத்துல தண்ணித்தொட்டி மோட்டரை அந்தக் கூவலுக்குத்தான் போட்டாக, பள்ளிக்கூடத்து வாத்தியாரு கைக்கடிகாரத்தைக் கழட்டி டிராயர்ல வச்சுட்டாரு. காலுக்காரனுகளை வெதைக்கிறதுக்கு முன்னால மேல்மண்ணைக் கிளறத் தோட்டத்துக்குக் கூட்டிட்டுப் போனாக. அவனுக சீச்ச இடத்துல பூரான் இல்ல, கரையான் இல்ல. கூரை மேல சிக்குன பந்து, காஞ்ச துணி, கேபிள் வயரு எல்லாத்தையும் ரெக்கைக்காரனுக எடுத்துக் கொடுத்தானுக. பயந்த கொழந்தைகளைத் தூக்கிட்டு வந்து பூசாரி முன்னால காட்டுனாக. பருந்து நிழல் படக் கூடாதுன்னு வெள்ளைக்கண்ணுக்கு அவன் பொண்டாட்டி ஒய்யம்மா குடை பிடிச்சுக்கிட்டே பின்னால நடந்தா, அதைப் பாத்த வெளியூர்க்காரங்க யாரோ மடாதிபதின்னு நினைச்சுக் கால்ல விழுந்தாக.

கூனிக் குறுகட்டும்னு கொடுத்த சேவல், குடையும் கும்பிடுமா அவனுகளுக்கு வந்து சேந்துச்சு. ஆத்தாளோட சேவல் ஆத்தா ஊருக்கே திரும்பிருச்சு, பதினோரு கரைக்குள்ளயும் இறங்கியிருக்குன்னு வெள்ளைக்கண்ணே பேச ஆரம்பிச்சுட்டான். கிழிஞ்சது போன்னு கடையை எடுத்துட்டு நோரிகோகிட்டயே போயிருவோம்னு குச்சியெல்லாம் கட்டி வச்சேன். அந்தச் சமயத்துல ரோட்டோரம், என் கடைக்கு நேர் எதுக்கால, ஒரு பெரிய பிளக்ஸ் கட்டுனானுக. பதினோரு பேரு மூஞ்சி, நடுவுல சேவல் படம், மேல கொட்டை எழுத்துல, செல்லியாத்தாளுக்கு நேர்ந்த சேவல் குடியிருக்கும் கரைக்காரர்கள்னு போட்டிருந்துச்சு. கீழ பதினோரு பேரு கையெழுத்து. அதை ஒரு தடவை வாசிச்சேன். இன்னொரு தடவை வாசிச்சேன். கட்டி வச்ச குச்சியை அவுத்து அடுப்பைப் பத்த வச்சேன்.

பங்குனியில காப்புக் கட்டுறதுக்கு ஊர்க்கூட்டம் போட்டாக. வெயில் ஏறுறதுக்கு முன்னாலயே கோயில் முன்னால ஊரே உக்காந்திருந்துச்சு. பொம்பளைக பேசுறதுக்கு அங்க இடமில்ல, களவாணி பொண்டாட்டிக்குக் கேக்கவே வேண்டாம். நான் நடுவுல போய் நின்னேன்.

"ஒரே ஒரு சந்தேகம் மாமா"ன்னேன். "இந்த வருசம் ஆத்தாளுக்கு எந்தச் சேவலை அறுக்கப் போறீக?"

"நேர்ந்தது எதையாவது பிடிச்சு அறுப்போம். உனக்கென்ன வந்துச்சு"ன்னான் வெள்ளைக்கண்ணு.

"எதையாவதுன்னா எப்படி மாமா? நேர்ந்த சேவலு எட்டு வருசமா ஆத்தாளுக்குப் போய்ச் சேரலையே. அதை அடைச்சு வச்சாருன்னுதானே என் வீட்டுக்காரரைப் பனையில கட்டுனீக. அந்தச் சேவல் இப்ப எங்க இருக்கு? பிளக்ஸ்ல நீங்களே எழுதி வச்சிருக்கீகளே."

கூட்டத்துக்குப் பின்னால இருந்து ஒரு பொம்பளை, "அது சரிதானே, ஆத்தாளுக்கு நேர்ந்ததை ஆத்தாளுக்குத்தானே கொடுக்கணும்"ன்னா. கோவமா சொல்லல, வன்மமா சொல்லல, உலையில உப்புப் போட்டாச்சான்னு கேக்குற மாதிரி சொன்னா. ஆமான்னு இன்னொருத்தி. ஆமான்னு வாத்தியாரு. காலையில எந்திரிக்கிறதுக்கும் மோட்டர் போடுறதுக்கும் அந்தச் சேவலை உள்ளதுன்னு ஏத்துக்கிட்ட ஊரு, அறுக்குறதுக்கு மட்டும் இல்லன்னு சொல்லுமா? எட்டாம் நாளு உச்சியில அறுப்புன்னு முடிவாச்சு. பூசாரி சோணைமுத்து எதுக்கோ வாயைத் திறந்தான், கொக்கரிப்புத்தான் வந்துச்சு.

அந்த ஏழு நாளும் ஊரு வழக்கம்போலத்தான் இருந்துச்சு. வேப்பிலைத் தோரணம் கட்டுனாக, மாவிளக்குக்கு மாவு இடிச்சாக, வெளியூர்ல கட்டிக் கொடுத்த பொம்பளைப் பிள்ளைகளுக்குச் சொல்லி விட்டாக. கரைக்காரங்க வீட்டுப் பொம்பளைகளும் மஞ்சள் அரைச்சாக, அழுதுக்கிட்டே அரைச்சாக, அரைக்காம இருக்கணும்னு ஒருத்திக்கும் தோணல. பதினோரு பேரும் ஓடிப் பாத்தானுக. ஊர் எல்லையைத் தாண்டுனா ரெக்கை ஒரு பக்கம் இழுக்கும், காலு ஒரு பக்கம் இழுக்கும், ஒருத்தன் பஸ் ஏறுனா மத்தவனுக்கு மூச்சு முட்டும். சாயங்காலத்துக்குள்ள திரும்பி வந்து தெரு நடுவுல சேவலா நிப்பானுக.

ஆறாம் நாளு மத்தியானம் ஒய்யம்மா என் கடைக்கு வந்தா. பெஞ்சில உக்காரல. மடக்குன குடையைக் கையில பிடிச்சுக்கிட்டே நின்னா.

"இருளாயி, நானும் உன்னை மாதிரி ஆகணுமா?"ன்னா.

"நான் ஆனப்ப நீங்க எங்க இருந்தீக அக்கா?"

அவ தலையைக் குனிஞ்சுக்கிட்டா. "வாசல்லதான் நின்னேன். எல்லாந் தெரியும். சேவல் கால் கயித்துல வச்ச மஞ்சகூட எங்க வீட்டு மஞ்சதான்."

நான் ஒரு குச்சியைத் திருப்பிப் போட்டேன். விசிறியை எடுத்து நெருப்பை விசிறுனேன். "அக்கா, அது ஆத்தா சேவலா இருந்தா அறுத்துத்தான் ஆகணும். நான் சொல்லல, உங்க வீட்டுக்காரரு சட்டம். ஆத்தா சேவல் இல்லன்னா யாரு சேவல்னு சொல்லச் சொல்லுங்க. ஊருக்கு நடுவுல, அவுக அவுக வாயால, பேரைச் சொல்லிச் சொல்லணும். அம்புட்டுத்தான் எனக்கு வேணும்."

"அதைச் சொன்னா அவரை ஊரு கொலைகாரன்னு சொல்லும்."

"சொல்லாட்டி செத்துப் போயிட்டாருன்னு சொல்லும்"ன்னேன். அவ குடையை விரிக்காமலே வெயில்ல திரும்பிப் போனா.

எட்டாம் நாளு உச்சி. மேளம் அடிச்சாக. பதினோரு பேரையும் குளிப்பாட்டி, மாலை போட்டு, ஆத்தாளுக்கு முன்னால கொண்டாந்து நிறுத்துனாக. அவனுகளும் தன்னால பங்கு வரிசையில நின்னானுக. உயிர்ப்பலின்னா எங்க ஊருல மஞ்சத்தண்ணியைத் தலையில ஊத்துவாக. அது உடம்பைச் சிலுப்புனா ஆத்தா வரம் கொடுத்துட்டான்னு அர்த்தம், உடனே அருவா இறங்கும். பூசாரியும் வரிசையில நிக்கிறதால பக்கத்து ஊருப் பூசாரியை வரவழைச்சிருந்தாக. அவரு பாட்டுக்கு எலுமிச்சம்பழத்தை வெட்டி அருவாப் பதம் பாத்துக்கிட்டு இருந்தாரு. மஞ்சத்தண்ணிக் குடத்தை யாரு எடுக்கிறதுன்னு ஒரு தயக்கம் வந்துச்சு. நான் எடுத்தேன். யாரும் தடுக்கல.

கடைசிக் கரையில இருந்துதான் தொடங்கணும். மாயழகு தலைக்கு மேல குடத்தைத் தூக்குனேன். அவன் வயித்துக்குள்ள சரளைக்கல்லு உரசுற சத்தம் எனக்குக் கேட்டுச்சு. அவன் தோலெல்லாம் புல்லரிச்சு நிக்குது. ஒரு சொட்டு விழுந்தாச் சிலுப்பிருவான்னு அவனுக்கே தெரிஞ்சுபோச்சு.

"இது ஆத்தா சேவல் இல்ல"ன்னான். சத்தமே வரல.

"கேக்கல."

"ஆத்தா சேவல் இல்ல. இது காத்தமுத்து சேவல். அவன் வளத்த சேவல்."

எட்டு வருசம் கழிச்சு அந்தப் பேரை இன்னொரு வாய் சொல்லி நான் கேட்டேன். குடத்தை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டேன். அடுத்தவன்கிட்ட நகந்தேன். காத்தமுத்து சேவல்னான். அடுத்தவன் முன்னால போய் நிக்கிறதுக்குள்ளயே சொல்லிட்டான். ரெக்கைக்காரனுக, காலுக்காரனுக, கொண்டைக்காரன், குடல் தின்னவன், ஒவ்வொருத்தனும் காத்தமுத்து சேவல், காத்தமுத்து சேவல்னு சொல்லச் சொல்ல, மேளக்காரரு குச்சியை இறக்கிட்டாரு. பூசாரி சோணைமுத்து மூணு தடவை சொன்னான், மூணாவது தடவை பாதியில நிறுத்தி, யோசிச்சு, மிச்சத்தையும் சொன்னான்.

கடைசியா வெள்ளைக்கண்ணு. அவன் நெஞ்சு துடிக்கிறது மாலைக்கு மேல தெரியுது.

"அவன் சேவல்தான்"ன்னான்.

"எவன் மாமா?"

"அதான் சொல்லிட்டானுகள்ல."

குடத்தைச் சாய்ச்சேன். விளிம்புல தண்ணி வந்து நின்னுச்சு.

"காத்தமுத்து"ன்னான். "காத்தமுத்து சேவல்."

"அது கால்ல மஞ்சக்கயிறு கட்டுனது?"

"நான்."

"பனையில இருந்து விழுந்தாகளா?"

"விழல. நாங்கதான் கட்டி வச்சு அடிச்சோம். பதினோரு பேரும் அடிச்சோம்."

நான் குடத்தைக் கீழ வச்சேன். பக்கத்து ஊருப் பூசாரி அருவாவைத் துண்டுல சுத்தி மடியில வச்சுக்கிட்டாரு. அடுத்தவன் சேவலை அறுத்துப் பலி கொடுக்குற வழக்கம் எந்த ஊருலயும் இல்ல. ஊரு எந்திரிக்கல, கலையல, பதினோரு பேரையும் பாத்துக்கிட்டே உக்காந்திருந்துச்சு. ஒய்யம்மா எந்திரிச்சு, புருசனைப் பாக்காம, குடையை அவன் கால்கிட்ட போட்டுட்டு வீட்டுக்கு நடந்தா. மத்தவனுக பொண்டாட்டிமாரும் ஒவ்வொருத்தியா அவ பின்னால போனாக. வானத்துல பருந்து ஒண்ணு வட்டம் போட்டுச்சு. வெள்ளைக்கண்ணு மண்ணோட மண்ணாப் பதுங்குனான், அப்பவும் குடையை எடுத்துப் பிடிக்க ஒரு கை வரல.

அவன் தவழ்ந்து வந்து என் காலைப் பிடிச்சான். போலீசு வாசல்ல நான் எப்படிப் பிடிச்சேனோ அதே பிடி.

"நீ கேட்டதைச் சொல்லிட்டோம் ஆத்தா. இதை எங்க உடம்புல இருந்து எடுத்துரு. நெஞ்சு நிக்க மாட்டேங்குது, தூங்க முடியல. ஜப்பான்ல இதுக்கு ஏதாவது வழி இருக்கும், உனக்குத் தெரியும், எடுத்துரு."

நான் காலை உருவிக்கிட்டேன்.

"என் சேவல் இல்லையே மாமா எடுக்குறதுக்கு. காத்தமுத்து சேவல்னு இப்பத்தானே பதினோரு பேரும் சொன்னீக. உடையவருகிட்டப் போய்க் கேளுங்க."